தாத்தாவின் பெட்டியில் தோட்டா இருந்தால்? பழைய தோட்டாக்கள் பற்றித் தோட்டப்புற, நகர்ப்புறக் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

ஜொகூர் பாரு - தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யும் நாள் வந்துவிட்டது. பல ஆண்டுகளாகத் திறக்காத டிரங்குப் பெட்டியை இழுத்து வெளியே வைக்கிறார்கள். உள்ளே பழைய சம்பளச் சீட்டுகள், சிவப்பு அடையாளக் கார்டு, மங்கிப்போன கல்யாணப் புகைப்படம். அடியில் ஒரு தகர டப்பா. அதைக் குலுக்கினால் சின்னச் சின்னப் பித்தளைத் தோட்டாக்கள் உருளும் சத்தம்.

ஜொகூரில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவரும் இந்தக் காலத்தில் இப்படி ஒரு டப்பா எந்த வீட்டிலும் வெளிப்படலாம். அப்போது குடும்பத்தில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இது இன்னும் வெடிக்குமா? தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளலாமா? குப்பையில் போடலாமா? போலீசிடம் சொன்னால் நம்மையே பிடித்துக்கொள்வார்களா?

இந்தக் கேள்விகளுக்கான விளக்கங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இலக்குச் சுடும் விளையாட்டாளர்களுக்கும் தேவையான பாதுகாப்புக் குறிப்புகளும் உண்டு.

சுருக்கமான பதில்

ஒழுங்காக வைத்த தோட்டா ஒரு தலைமுறையைத் தாண்டியும் வெடிக்கும். ஆனால் அதை வைத்திருக்கக் கொடுத்த உரிமம் அந்த ஒருவருக்கு மட்டுமே உரியது, காலக்கெடுவும் உண்டு. அவர் போன பிறகும், உரிமம் முடிந்த பிறகும் அந்தத் தோட்டா வீட்டில் கிடந்தால் அது நினைவுப் பொருள் ஆகாது. சட்டத்தின் பார்வையில் அது உரிமமில்லாத தோட்டா.

அதனால் கண்டவுடன் தொடாதீர்கள், எடுத்துக்கொண்டு அலையாதீர்கள், எறியாதீர்கள். போலீசை அழைத்து வரச் சொல்லுங்கள்.

ரிம்ஃபயர் தோட்டா என்பது என்ன?

பழைய டப்பாக்களில் கிடக்கும் மிகச் சிறிய தோட்டா பெரும்பாலும் 'பாயிண்ட் டூ டூ' என்று அழைக்கப்படும் 22 ரகமாக இருக்கும். இதில் அதிகம் புழங்குவது 'லாங் ரைஃபிள்' வகை. மொத்த நீளம் சுமார் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். முனையில் இருக்கும் ஈயக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். பார்வைக்கு விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தாலும், சுட்டால் ஒரு மைலுக்கு மேல் கூடப் போகும் ஆற்றல் அதற்கு உண்டு.

எந்தத் தோட்டாவிலும் நான்கு பாகங்கள் இருக்கும்: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு, அடியில் தீ மூட்டும் மருந்து. பெரிய தோட்டாக்களில் இந்தத் தீ மூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில், தனியான ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும். அவற்றுக்குச் சென்டர்ஃபயர் என்று பெயர். காட்டுப்பன்றி விரட்ட விவசாயிகள் பயன்படுத்தும் 12 போர் வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவும், போர்க்காலத்து 303 ரைஃபிள் தோட்டாவும் இந்த வகை.

சிறிய 22 தோட்டாவில் அந்தத் தனிக் கிண்ணம் கிடையாது. தயாரிக்கும்போது ஈரமான மருந்தைக் கூட்டுக்குள் போட்டு வேகமாகச் சுழற்றுவார்கள். மருந்து அடிப்பாகத்தின் விளிம்பு மடிப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டு உலரும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் தோட்டா வெடிக்கும். விளிம்பில் தட்டி வெடிப்பதால்தான் ரிம்ஃபயர் என்று பெயர்.

இந்த அமைப்பால் இரண்டு விளைவுகள் உண்டு. விளிம்பைச் சுற்றிலும் மருந்து இருப்பதால், குறடால் நெரித்தாலோ சுத்தியலால் அடித்தாலோ எந்தப் பக்கத்திலிருந்தும் வெடிக்கலாம். பிள்ளைகள் கையில் கிடைத்தால் ஆபத்து இதனால்தான் அதிகம். அடுத்தது, விளிம்பு மடிய வேண்டும் என்பதால் கூட்டின் பித்தளை மெல்லியதாக இருக்கும்; குண்டும் கூட்டின் வாயில் லேசாகத்தான் கவ்வப்பட்டிருக்கும். ஈரமும் எண்ணெயும் உள்ளே புகப் பெரிய தோட்டாவைவிட இதில் வாய்ப்பு அதிகம். 'பழைய தோட்டா, ஒருவேளை வெடிக்காது' என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த 'ஒருவேளை'யை நம்பி யாரும் கையில் எடுக்கக் கூடாது.

இந்த வகைத் தோட்டா புதியதல்ல. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் குட்டையான 22 தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பரவலாக இருக்கும் லாங் ரைஃபிள் வகை 1887-இல் வந்தது. சத்தம் குறைவு, விலை மலிவு என்பதால் சிறு விலங்குகளைச் சுடவும் இலக்குப் பயிற்சிக்கும் உலகெங்கும் பரவியது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் இன்றும் இதே ரகம்தான்.

தோட்டப்புறத்தில் தோட்டா எப்படி வந்தது?

ஜொகூர் மண்ணுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1942 ஜனவரியில் மூவார், பக்ரி, பாரிட் சூலோங், குளுவாங் பகுதிகளில் ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகளுக்கும் கடும் சண்டை நடந்தது. பின்வாங்கிய படைகள் ஜனவரி 31-ஆம் தேதி ஜொகூர் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் போயின. அந்தச் சண்டையில் சிதறிய தோட்டாக்களும் வெடிக்காத குண்டுகளும் மண்ணுக்குள் கிடக்கின்றன.

போர் முடிந்து 1945 டிசம்பரில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதங்களில் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. இன்னொரு பகுதி காட்டில் ஒளித்து வைக்கப்பட்டது. 1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. 1950 பிப்ரவரி 23-இல் தாக்கப்பட்ட புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையம் நம் ஜொகூரில்தான் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் தோட்டத் துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு மலையைச் சுற்றினார்கள். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி. வாசலில் ஆயுதம் தாங்கிய சிறப்புக் காவலர்கள். துப்பாக்கியும் தோட்டாவும் தோட்ட வாழ்க்கையோடு கலந்த காலம் அது. அதன் பிறகும் காட்டுப்பன்றி, குரங்கு தொல்லைக்காக உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. ஆகவே ஒரு பழைய தோட்டா பெட்டியில் இருந்தால் தாத்தா தவறு செய்தார் என்று பொருளில்லை. அன்று அவருக்கு அனுமதி இருந்திருக்கலாம். இன்று உங்களுக்கு அது இல்லை என்பதுதான் விஷயம்.

தோட்டாவைக் கெடுப்பவை எவை?

தோட்டாவுக்கு உணவுப் பொட்டலம் போலக் காலாவதித் தேதி கிடையாது. குளிர்ச்சியாகவும் வறண்டும் இருக்கும் இடத்தில் அது பல பத்தாண்டுகள் தாங்கும். நம் நாட்டு வானிலை குளிர்ச்சியும் இல்லை, வறட்சியும் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது ஈரம். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் அதிகம். பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். ஈயக் குண்டின் மேல் வெள்ளைப் பொடி படியும். விளிம்பிலுள்ள மருந்துக்கு ஈரம் எட்டினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். அதைவிட மோசம், அரைகுறையாக எரிவது. குண்டு துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்த தோட்டா சுடும்போது குழல் பிளக்கலாம்.

இரண்டாவது வெப்பம். புகையில்லா வெடிமருந்து நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. அது தானாகவே மிக மெதுவாகச் சிதையும் பொருள். சிதைவைத் தடுக்க அதில் நிலைப்படுத்தும் மருந்து சேர்த்திருப்பார்கள். வெப்பம் கூடக் கூட அந்த மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணும், வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியும் இதற்கு மிக மோசமான இடங்கள்.

மூன்றாவது எண்ணெய். துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது நல்லது என்பதால் தோட்டாவையும் எண்ணெயில் துடைத்து வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. ஊடுருவும் எண்ணெய் குண்டுக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக உள்ளே புகுந்து மருந்தைச் செயலிழக்கச் செய்யும். 22 தோட்டாவின் குண்டின்மேல் தொட்டால் பிசுபிசுக்கும் மெழுகுப் பூச்சு தொழிற்சாலையிலேயே போட்டது. அதையும் துடைத்தெடுக்கக் கூடாது.

நான்காவது, பலர் அறியாதது: அமோனியா. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் புரியாமல், பருவத்தில் வருவதால் 'பருவ விரிசல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து கிளம்பிய அமோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, ஏற்கெனவே இறுக்கத்தில் இருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1921-இல் இதை விளக்கினார்கள். கூட்டைச் சூடாக்கி அந்த உள் இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் இதற்குக் கண்ட தீர்வு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமோனியா வாடை புதிதல்ல. ரப்பர் பால் உறையாமலிருக்க அதில் அமோனியாதான் கலப்பார்கள். மாட்டுக் கொட்டகை, கோழி எரு, யூரியா உரம் எல்லாவற்றிலிருந்தும் அது வெளிவரும். ஆக, உரக் கொட்டகையிலோ பால் ஸ்டோரிலோ வைத்த தோட்டாவின் கூடு வெளியே பளபளப்பாக இருந்தும் விரிசல் கண்டிருக்கலாம்.

உரிமம் உள்ளவர்கள் எப்படி வைப்பது?

கீழே சொல்வது செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும். உரிமத்தில் எழுதியுள்ள நிபந்தனைகளும் போலீசார் சொல்லும் பூட்டு, பெட்டகம் பற்றிய விதிகளும் எல்லாவற்றுக்கும் மேலானவை.

1. தோட்டாக்கள் வந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும். ரகமும் தயாரிப்பு எண்ணும் அதில்தான் இருக்கும். பல பெட்டிகளின் தோட்டாக்களை ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கக் கூடாது.

2. அந்தப் பெட்டிகளை ரப்பர் வளையம் பதித்த மூடியுள்ள உலோகப் பெட்டிக்குள் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போடுங்கள். பெட்டியை மழை நாளில் மூடினால் ஈரக் காற்றையும் சேர்த்து மூடுகிறீர்கள். குளிர்சாதன அறையில் வைத்து மூடுவது நல்லது.

3. வீட்டிலேயே வெப்பம் அதிகம் மாறாத இடம் நல்லது. பரண், சமையலறை, சாமி விளக்கு எரியும் இடத்தின் அருகில், கார், உரக் கொட்டகை எதுவும் ஆகாது. தரையில் நேரடியாக வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

4. பெட்ரோல், தின்னர், எண்ணெய், அமோனியா கலந்த சுத்தம் செய்யும் திரவம் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

5. துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டில் இருக்க வேண்டும். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

6. வாங்கிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். பழையதை முதலில் பயன்படுத்துங்கள்.

7. சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றும்போது தோட்டாக்களைப் பார்வையிடுங்கள். பச்சைக் களிம்பு, விரிசல், பள்ளம், கழன்று ஆடும் குண்டு தெரிந்தால் அது சுடுவதற்கு இல்லை. தனியே எடுத்து வைத்துப் போலீசிடமோ, வாங்கிய உரிமம் பெற்ற கடையிடமோ வழி கேளுங்கள். 12 போர் தோட்டாவின் காகிதக் குழல் ஈரத்தில் உப்பியிருந்தாலும் அப்படியே.

8. தோட்டாவைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் நஞ்சு, பிள்ளைகளின் உடலுக்கு இன்னும் கேடு.

பயிற்சிக் களத்தில் தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே துப்பாக்கியைத் திறந்து பார்க்காதீர்கள். தீ தாமதமாகப் பிடிப்பதும் உண்டு. குழலை இலக்கை நோக்கியபடியே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருந்து, களப் பொறுப்பாளரை அழையுங்கள்.

வீட்டில் தீப்பிடித்தால், உள்ளே தோட்டா இருக்கிறது என்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் முதலில் சொல்லுங்கள். துப்பாக்கிக்கு வெளியே சூட்டில் வெடிக்கும் தோட்டாவின் குண்டு சுட்டது போன்ற வேகத்தில் பாயாது. ஆனால் உடைந்த பித்தளைத் துண்டுகள் தெறித்துக் கண்ணைப் பறிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் தனிமனிதர் ஆயுதம் வைத்திருப்பதை 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால், அச்சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியே இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் இந்தப் பிரிவு பாயும். 'சுடத் துப்பாக்கி இல்லையே' என்பது பதிலாகாது.

சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வரும். அதில் 14 ஆண்டு வரை சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

இன்றைய தண்டனையே கடுமை. முன்பு இன்னும் கடுமையாக இருந்தது. இதை நம் சமூகம் மறக்க முடியாது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, அவசரகாலம் தொடங்கிய அடுத்த ஆண்டு ரவாங் வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் கைது செய்யப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம், ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தது. அவசரகால விதியில் அதற்கு மரண தண்டனை. இந்தியாவிலிருந்து நேரு அரசாங்கம் கருணை கேட்டும் பயனில்லை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தஞ்சை மாவட்டத் தம்பிக்கோட்டையில் பிறந்த அவரை நம் மக்கள் இன்றும் 'மலாயா கணபதி' என்றுதான் நினைவுகூர்கிறார்கள்.

அவசரகாலம் முடிந்த பிறகும், 1960-ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு அதே தண்டனையைத் தொடர்ந்தது. பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரணம். அந்தப் பிரிவின் கீழ் பினாங்கில் 1977-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்து, பின்னர் அது குறைக்கப்பட்டது. அந்தச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. 2023-இல் கட்டாய மரண தண்டனையே நம் நாட்டில் ஒழிக்கப்பட்டது.

பழைய பெட்டியில் தோட்டாவைப் பார்த்ததும் முதியவர்கள் வாயை மூடிக்கொள்வதற்கும், 'யாரிடமும் சொல்லாதே, ஆற்றில் போட்டுவிடு' என்பதற்கும் இந்த வரலாறுதான் காரணம். அவர்களுடைய பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் இன்று மறைப்பதால்தான் ஆபத்து வரும், சொல்வதால் அல்ல.

பாலம் கடப்பவர்கள் கவனத்துக்கு

ஜொகூரிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏராளம். தோட்டா தொங்கும் சாவிக்கொத்து, தோட்டா பதித்த சங்கிலி, தாத்தா வீட்டிலிருந்து எடுத்த 'ஒரே ஒரு' பழைய தோட்டா இவற்றில் எதுவும் மோட்டார் சைக்கிள் பையிலோ காரிலோ இருக்கக் கூடாது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, கூடவே 6-க்குக் குறையாத பிரம்படி. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 'அலங்காரத்துக்குத்தான் சார்' என்று விளக்கம் சொல்லி விடுபடலாம் என்று நினைக்க வேண்டாம். வெற்றுக் கூடுதானே என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம்.

கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. கான்கிரீட்டில் ஆணி அடிக்கும் சுடும் கருவியில் வண்ண முனையுள்ள சிறு வெடிகளைப் போடுவார்கள். குண்டு இல்லாவிட்டாலும் அவையும் பெரும்பாலும் ரிம்ஃபயர் வகைதான். வண்ணம் அதன் வேகத்தைக் குறிக்கும். வேலை முடிந்ததும் மிச்சத்தைத் தளத்தின் பூட்டிய பெட்டியில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். சட்டைப் பையில் மறந்து வீட்டுக்குக் கொண்டுவருவதும், பாலத்தைக் கடப்பதும் வேண்டாத வம்பு. வெடிக்காத ஒன்றைத் தோண்டிப் பார்க்கவே கூடாது.

கண்டெடுத்தால் செய்ய வேண்டியவை

வீட்டிலோ, காட்டிலோ, வாய்க்கால் வெட்டும்போதோ கண்டால்:

முதலில் கையை எடுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்வது, முறுக்குவது, உலுக்குவது எதுவும் வேண்டாம். பிள்ளைகளையும் நாய், மாட்டையும் அப்புறப்படுத்துங்கள்.

உடனே அருகிலுள்ள போலீஸ் நிலையத்தை, அல்லது 999-ஐ அழையுங்கள். இடம், நேரம், என்ன தெரிகிறது, எத்தனை என்று சொல்லுங்கள். பெயரையும் கொடுங்கள். தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம்.

நல்லெண்ணத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மோட்டாரில் நிலையத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். வழியில் சோதனையில் நிறுத்தினால், அந்த நிமிடத்தில் நீங்கள் உரிமமின்றித் தோட்டா வைத்திருக்கும் ஆள். போலீசே வந்து எடுக்கட்டும்.

கண்டது தோட்டாவைவிடப் பெரியது, குண்டு போலவோ குழாய் போலவோ துருப்பிடித்துக் கிடக்கிறது என்றால் நூறடி அல்ல, இன்னும் தொலைவுக்கு விலகுங்கள். போர்க்காலக் குண்டுகளை அகற்றப் போலீசில் வெடிகுண்டு அகற்றும் பிரிவு இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்கு விற்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஆற்றில் எறிவது, குழியில் புதைப்பது, நெருப்பில் போடுவது மூன்றும் ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான்.

அக்கம்பக்கத்தார் ஒருவர், தோட்டத் தலைவர், அல்லது குடியிருப்புச் சங்கப் பொறுப்பாளர் ஒருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் புகார் பதிவு செய்து அதன் பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே கையிலெடுத்து இடம் மாற்றிவிட்டீர்கள் என்றால் அதையும் உள்ளபடி சொல்லுங்கள். கதையை மாற்றிச் சொல்வதுதான் பின்னால் சிக்கல். விசாரணைக்கு அழைத்தால் வழக்கறிஞரோடு பேச உங்களுக்கு உரிமை உண்டு. கைதானவர்களில் வசதியில்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் வழி வழக்கறிஞர் உதவி கிடைக்கும்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால்

பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். அப்பாவுக்கு உரிமம் இருந்தது, அப்பா காலமானார். கருமாதி, வங்கிக் கணக்கு, நிலப் பட்டா என்று அலையும் பரபரப்பில் அலமாரித் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் யாரும் நினைப்பதில்லை. நிலம் வாரிசுக்கு வரும்; துப்பாக்கி உரிமம் அப்படி வராது. மகன் அதே வீட்டில், அதே பூட்டில் வைத்திருந்தாலும் அவன் உரிமம் இல்லாதவன்.

அதனால் இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன், உரிமப் புத்தகத்தோடு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் தகவல் சொல்லி, ஆயுதத்தையும் தோட்டாவையும் எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். ஒப்படைத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். மகனுக்குத் துப்பாக்கி தேவை என்றால், அவர் தம் பெயரில் மாநிலப் போலீஸ் தலைவருக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்கும் வரை அது வீட்டில் இருக்கக் கூடாது.

துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றே ஒரு வேலை செய்யலாம். உரிமப் புத்தகம் எங்கே, சாவி எங்கே, தோட்டா எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதி, மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ சொல்லி வையுங்கள். தமக்குப் பிறகு ஒரு விதவைத் தாய் போலீஸ் நிலையத்தில் விளக்கம் சொல்லி நிற்கும் நிலை அதனால் வராமல் போகும்.

தாத்தாவின் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. சம்பளச் சீட்டை வையுங்கள், பால் வெட்டிய கத்தியை வையுங்கள், அந்தக் கல்யாணப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். தோட்டாவை மட்டும் போலீசிடம் விட்டுவிடுங்கள்.